அண்ணனின் தலை அளவு

சூசையப்பனுக்குத் தலை சிறியது. அவன் அண்ணன் மிக்கேலுக்குத் தலை பெரியது. சிறு வயதில் ஒரே நாவிதர் இருவருக்கும் முடி வெட்டிவிட்டு, மிக்கேலுக்கு மட்டும் கத்தரி இரண்டு சுற்று அதிகம் ஓட வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்வாராம். முகத்தில் இருவருக்கும் வேறுபாடு தெரியாது.

இருவரும் இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன குடும்பம். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், இந்தியாவா இலங்கையா என்று மனுப்போடச் சொன்னபோது சூசையப்பன் இந்தியாவுக்குப் போட்டான். மனைவி பிலோமியின் உறவெல்லாம் இந்தியப் பக்கம்தான் இருந்தது. மிக்கேல் இலங்கைக்கே போட்டான்.

"அம்மா குழி இங்க கெடக்கு. அதைத் தனியா விட்டுட்டு எங்க போறது?" என்றான்.

1971-இல் சூசையப்பனுக்குக் கப்பல் வந்தது. வழியனுப்ப மிக்கேல் தலைமன்னார்வரை ரயிலில் கூடவே வந்தான். அப்போது அவன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அந்த வேலை கிடைத்த வருஷம் கண்டியில் வாங்கிய ஃபெல்ட் தொப்பி எப்போதும் அவன் தலையில் இருக்கும். கம்பளியை அமுக்கிச் செய்த, அகல விளிம்பு வைத்த, காப்பிக்கொட்டை நிறத் தொப்பி. துறையில் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசை நகரவில்லை. வெயில் பொறுக்க முடியவில்லை. மிக்கேல் தொப்பியைக் கழற்றித் தம்பி தலையில் வைத்தான். அது புருவத்தில் வந்து நின்றது.

"போட்டுக்க. நான் வரும்போது வாங்கிக்கிறேன்" என்றான்.

மண்டபம் முகாமில் ஐந்து வாரம் இருந்தார்கள். பிறகு பிலோமியின் சித்தப்பா மரியஜோசப் வந்து, மூணாறு பக்கம், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே தான் வேலை பார்க்கும் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். சூசையப்பனுக்குக் கவாத்து வேலை கிடைத்தது. தேயிலைச் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டி விடுகிற வேலை. பிலோமி கொழுந்து பறிக்கப் போனாள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீடு கொடுத்தார்கள்.

ஹட்டனைப் போலவே இங்கேயும் மலை, மூடுபனி, தேயிலை. ஆனால் சூசையப்பனுக்கு அதுதான் தொந்தரவாக இருந்தது. வேலை முடிந்து திரும்பும்போது ஒரு வளைவில், இதைத் தாண்டினால் அண்ணன் வீடு என்று கால் தானாக விரையும். தாண்டினால், மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குகிற இரும்புக் குழாய்கள் சரிவில் நீளமாகப் படுத்திருக்கும். அவன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நடப்பான்.

தொப்பியை அவன் விடவில்லை. குனிந்து வெட்டும்போதெல்லாம் அது கண்ணை மறைத்தது. நெற்றிக்கும் தொப்பிக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். உள்ளே சுற்றிலும் தோல்பட்டை தைத்திருந்தது. அது மிக்கேலின் வியர்வையிலும் தலைஎண்ணெயிலும் ஊறிக் கறுத்திருந்தது. பிலோமி ஒருமுறை துடைக்கப் போனபோது தொப்பியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

மரியஜோசப்தான் முதலில் வழி சொன்னார். "பட்டைக்குப் பின்னால காகிதத்தை மடிச்சு வைங்க மாப்ள. கச்சுன்னு நிக்கும்."

டீக்கடையிலிருந்து பழைய மலையாளப் பத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்கி, நீளவாக்கில் நான்காக மடித்து, தோல்பட்டைக்கும் தொப்பிக்கும் இடையில் செருகினான். நன்றாகத்தான் நின்றது. இரண்டு நாள் கழித்து மழை பிடித்தது. காகிதம் ஊறிக் கூழாகி, மை ஒழுகியது. பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது மரியஜோசப் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, நெத்தியில மலையாளம் எழுதியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தத் தோட்டத்துக்கு வந்து அவன் பலர் முன்னால் சிரித்தது அன்றுதான்.

பிறகு பிலோமி ஒரு கிழிந்த கம்பளியிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினாள். அதைப் பட்டைக்குப் பின்னால் வைத்து, முன்னால் இரண்டு தையலும் பின்னால் இரண்டு தையலும் போட்டாள். அது மழைக்குக் கரையவில்லை. நெற்றி அரித்தது, அவ்வளவுதான். அடுத்த மூன்று வருஷம் அந்தக் கம்பளித் துண்டோடுதான் ஓடியது. நைந்து தட்டையானபோது வேறு துண்டு வைத்தாள்.

1974 கடைசியில் ஒரு நாள், மேட்டுக்காட்டில் செடி வெட்டிக்கொண்டிருந்தபோது பெருங்காற்று அடித்தது. தொப்பி பறந்து ஓடைப்பக்கம் உருண்டது. சூசையப்பன் கத்தியைப் போட்டுவிட்டு அதன் பின்னால் இறங்கினான். ஈரப்பாறையில் வழுக்கி விழுந்து முழங்கால் பிளந்தது. தொப்பியோடுதான் மேலே ஏறினான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டே பிலோமி பேசினாள்.

"ஆவியில காட்டி ஈரமாக்கி, தலையில போட்டபடியே காய விட்டா சுருங்கி அளவா நிக்குமாம். டிரைவர் பொஞ்சாதி சொல்லுது. செஞ்சிரலாமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"ஒரு தடவை சுருங்கினா திரும்ப விரியாது."

"விரியாட்டி என்ன? உங்களுக்குத்தானே?"

சூசையப்பன் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டான்.

"அண்ணன் வந்தா அது தலைக்குப் பத்தாதுல்ல" என்றான்.

"அப்ப பெட்டியில பூட்டி வைங்க. தலையில துண்டைக் கட்டிக்கிட்டுப் போங்க."

"பெட்டியில வச்சா இந்தப் பனிக்குப் பூசணம் பூத்திரும்."

பிலோமி கஞ்சியைக் கிண்டினாள். அவளுக்கு வேறொன்றும் தெரியும். மிக்கேலின் மனுவுக்கு அதுவரை பதில் வந்திருக்கவில்லை. அங்கே எத்தனையோ பேருடைய மனுவைத் தள்ளிவிட்டார்கள், தள்ளப்பட்டவர்கள் இங்கேதான் வரவேண்டியிருக்கும் என்று ஊரில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் எழுந்த பிறகும் சூசையப்பன் முழங்காலிலேயே இருப்பான். அண்ணனுடைய மனுவைத் தள்ளிவிட வேண்டும் என்றுதான் அவன் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் நான்கு வருஷமாக எதற்குக் காத்திருந்தானோ அது கிடைக்கக் கூடாது என்று கேட்டான். ஒருநாள் கோயிலிலிருந்து இறங்கும் வழியில் இதை அவனே பிலோமியிடம் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாதாவுக்குத் தெரியும், எதைக் கொடுக்கணும்னு" என்று மட்டும் அவள் சொன்னாள்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் கடிதம் வந்தது. மிக்கேலின் எழுத்து எப்போதும் கணக்குப் புத்தகத்தில் எழுதுவதுபோல் நேராக இருக்கும். இந்தக் கடிதத்தில் வரிகள் மேலேறிப் போயிருந்தன. குடியுரிமை கிடைத்துவிட்டது, சாமி புண்ணியத்தில் இனி யாரும் எங்களை எழுந்து போ என்று சொல்ல முடியாது, அம்மாவின் குழியைச் சிமிண்டு போட்டுக் கட்டியாகிவிட்டது, நீயும் சந்தோஷப்படுவாய் என்று எழுதியிருந்தான்.

சூசையப்பன் இரண்டு தரம் படித்தான். பிலோமியிடம் கொடுத்தான். அவள் படித்து முடிக்கும்வரை வாசலில் நின்றான்.

"நல்ல சேதிதான்" என்றான்.

"ஆமா" என்றாள் பிலோமி.

"நான் கேட்டது நடக்கல. நடந்திருந்தா அண்ணன் மொகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?"

அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். தொப்பி சுவரில் ஆணியில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் அவனே அடுப்பைப் பற்றவைத்து, பெரிய கெட்டிலில் தண்ணீர் ஏற்றினான்.

பிலோமி கத்தரியை எடுத்து வந்து பழைய தையலை வெட்டி, கம்பளித் துண்டை உருவினாள். தோல்பட்டையில் சூடு பட்டால் விறைத்துவிடும் என்று அதை வெளியே மடித்துவிட்டாள். கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி சீறியது. சூசையப்பன் தொப்பியைக் கையில் பிடித்து மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். கம்பளி ஊறி இளகியது. ஈரக் கம்பளி வாடையோடு மிக்கேலின் எண்ணெய் வாடையும் எழுந்தது. நான்கு வருஷத்தில் அது போயிருக்கும் என்று நினைத்திருந்தான். தேங்காயெண்ணெயும் ஏதோ பச்சிலையும் கலந்த வாடை. கை அப்படியே நின்றது.

"ஒரே இடத்துல காட்டாதீங்க" என்றாள் பிலோமி.

அவன் மறுபடி சுற்றினான். விரல் சுடச்சுட அதை எடுத்துத் தலையில் வைத்தான். பிலோமி பின்னால் நின்று, இரண்டு உள்ளங்கையாலும் சுற்றிலும் அமுக்கிவிட்டாள். கழுத்து வழியாக வெந்நீர் இறங்கியது. வெளியே வெயில் இல்லை. அடுப்பு முன்னால் மணையைப் போட்டு இரண்டு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தான். காயக் காயத் தொப்பி இறுகியது. சுற்றிலும் யாரோ மெல்லப் பிடிப்பதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னான். கண்ணீர் வந்தது. புகை என்று அவன் சொல்லவில்லை. அவளும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கழற்றியபோது நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே சுருங்கிவிட்டது. ஒரு வாரம் போட்டபின் தளர்ந்து சரியானது.

ஈஸ்டருக்குப் பிறகு இருவரும் மூணாறுக்குப் போனார்கள். ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள். தொப்பியின் நிழல் முகத்தில் விழுகிறது, கழற்றிவிடுங்கள் என்றார் படம்பிடிப்பவர். சூசையப்பன் மறுத்துவிட்டான். விளக்கை இறக்கிவைத்து எடுத்தார். படத்தின் பின்னால், "தொப்பி இப்போது எனக்குச் சரியாக இருக்கிறது அண்ணே" என்று எழுதி அனுப்பினான்.

மிக்கேலின் பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. ரேஷன் மாவைப் பற்றியும், தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்வது பற்றியும் எழுதிவிட்டு, கடைசியில் கேட்டிருந்தான்: "உனக்கு அது எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் நீ சிரிக்கவே இல்லையே, ஏன்?"

சூசையப்பன் வெளிநாட்டுத் தபால் தாள் வாங்கி வந்து உட்கார்ந்தான். இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவது தாளைப் பிலோமியிடம் நகர்த்தினான்.

"நீ எழுது."

அவள் பேனாவை வாங்கி, யோசிக்காமல் எழுதினாள்: "வெயில் கண்ணில் பட்டதாம் மச்சான், அதனால்தான்."

படம் எடுத்தது நாலு சுவருக்குள்ளே. சூசையப்பன் அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டு, தாளை மடித்து ஒட்டினான்.