ஆத்துல விடாத பத்திரிகை

எங்க அக்கா உசிலம்பட்டியிலருந்து வெறுங்கையோட வந்ததே இல்ல. தட்டப்பயறு, மொச்சை, ஒண்ணுமில்லேன்னா நாலு முருங்கைக்காயாவது இருக்கும். அன்னைக்கும் கட்டைப்பை கனமாத்தான் இருந்துச்சு. ஆனா அதை அடுப்படிக்குக் கொண்டு போகல. அவனியாபுரத்துல எங்க வீட்டு முன்ரூம்ல, என் தையல் மிஷினுக்குக் கீழ வச்சுட்டு, தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டா.

பை நிறைய அக்கா மகளோட கல்யாணப் பத்திரிகை. அரக்குச் செவப்பு, கெட்டி அட்டை, தங்க எழுத்து. மாப்பிள்ளைக்கு அப்பா இல்ல. அவர் பேருக்கு முன்னால போட வேண்டிய 'காலஞ்சென்ற'வை அச்சாபீஸ்காரன் கொண்டுபோய் எங்க அத்தான் பேருக்கு முன்னால போட்டுட்டான். மனுசன் அங்க தோட்டத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நிக்கிறாரு, பத்திரிகையில அவரை மேல அனுப்பியாச்சு. அதைவிடக் கூத்து, வீட்டுல ஒருத்தரும் படிச்சுப் பாக்காம நாலு முனையிலயும் மஞ்சள் தடவி, குலதெய்வத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டுட்டாங்க. சாமி படிச்சிருக்கும். இவுகதான் படிக்கல.

அச்சாபீஸ்காரன் காலுல விழாத குறையா வேற அச்சடிச்சுக் குடுத்துட்டான். இந்தப் பழசை என்ன பண்றதுங்கிறதுதான் அக்காவுக்குக் கவலை.

"மஞ்சள் தடவுனது, எரிக்கக் கூடாது. கிழிக்கவும் கூடாது. பழைய பேப்பர் கடையில போட்டா எவனாவது அதுல வடை மடிச்சுக் குடுப்பான். உங்க அத்தான் பேரு அந்த வார்த்தையோட ஊரைச் சுத்தும். ஓடுற தண்ணியிலதான் விடணும். எங்க ஊருல ஓடுற தண்ணிக்கு நான் எங்க போக? நீதான் வைகைக்குப் பக்கத்துல இருக்க. விட்ரு புள்ள."

"விட்டுர்றேன்க்கா. இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?"

சத்தியமா விடணும்னுதான் நெனச்சேன். ஆனா நான் ஆத்துக்குப் போறதுக்கு முன்னால சனிக்கிழமை வந்துருச்சு.

சனிக்கிழமை என்னன்னு சொல்லணும். நான் ரவிக்கை தைக்கிறவ. கல்யாணமாகி வந்ததுலருந்து இதே வேலைதான். அடுத்தவுக துணி, அடுத்தவுக அளவு, அடுத்தவுக சொன்ன கழுத்து. கை நிறைய வேலை இருக்கு, குறை சொல்லல. ஆனா யாரும் கேக்காம நானா ஒண்ணு செஞ்சதே கிடையாது. நாகமலை புதுக்கோட்டையிலருந்து என்கிட்ட ரவிக்கை தைக்க வர்ற ஒரு காலேஜ் டீச்சர், சின்னப் பொண்ணு, வீட்டு மாடியில ஆர்ட் கிளாஸ் வைக்குது. மிக்ஸ்டு மீடியாவாம். பெயிண்ட் மட்டும் இல்ல, துணி, பேப்பர், சணல், மணல், காப்பித்தூள் வரைக்கும் பலகையில ஒட்டிப் படம் செய்றது. "வெட்டுத்துணி இருந்தா ஒரு மூட்டை கொண்டு வாங்க டெய்லரம்மா"ன்னு கேட்டுச்சு. குடுத்துட்டு வந்துருவோம்னுதான் போனேன். அங்க பேங்க் மேனேஜர்லருந்து ஸ்கூல் பிள்ளை வரைக்கும் தரையில உக்காந்து பிச்சுப் பிச்சு ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. கத்திரி பிடிக்கத் தெரியாம பிடிச்சிருந்த அழகைப் பாத்ததும் எனக்குக் கை அரிச்சுச்சு. உக்காந்தவதான். அதுலருந்து சனிக்கிழமைன்னா ரெண்டு பஸ் மாறி ஓடிருவேன். "ஓவியர் கெளம்பிட்டாகளா?"ன்னு வீட்டுக்காரர் கேலி பண்ணுவாரு. பண்ணட்டும்.

அந்த வாரம் டீச்சர், "கடையில வாங்குன பேப்பர் வேண்டாம். உங்க வீட்டுல கெடக்குற பேப்பரா எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்லியிருந்துச்சு. என் வீட்டுல பேப்பர்னு என்ன இருக்கு? காலண்டர் தாளும் கரண்டு பில்லும்தான். மிஷினை மிதிக்கும்போதெல்லாம் காலுல அக்காவோட பை இடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

ஒண்ணே ஒண்ணு எடுப்போம், ஓரத்துத் தங்கக்கரையை மட்டும் வெட்டிக்குவோம், பேருல கை வைக்க வேண்டாம்னு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டேன். ஆனா தூக்கிட்டுப் போனது பை பூராத்தையும்.

முதல் வெட்டு வெட்டும்போது நெஞ்சு அடிச்சுச்சு. ரெண்டாவதுக்கு அடிக்கல. அந்தச் செவப்பைப் பலகையில வச்சதும் எனக்கு உசிலம்பட்டிப் பக்கத்துச் செம்மண்ணு தெரிஞ்சுச்சு. உழுது போட்டு, மழைக்குப் பாத்துக்கிட்டுக் கெடக்குற புஞ்சை. பை காலியாகுற வரைக்கும் எழுத்து இருந்த எடத்தையெல்லாம் வரி வரியா நறுக்கி, உழவுச்சாலா அடுக்குனேன். பேருல கை வைக்கக் கூடாதுன்னது எங்கயோ போச்சு. புள்ள பேரு, மாப்பிள்ளை பேரு, அக்கா பேரு எல்லாம் துண்டு துண்டாப் போயிருச்சு. சணலைப் பிரிச்சு வரப்பு போட்டேன். காப்பித்தூளைப் பசையில கொழைச்சு ஈரம் காட்டுனேன். ஒரு மூலையில தங்க எழுத்து மின்னி, வெளிச்சம் தூக்கலா நின்னு கண்ணை உறுத்துச்சு. கருப்பைத் தீட்டி அமத்துனேன். அத்தான் பேரும் அந்த வார்த்தையும் இருந்த துண்டெல்லாம் அந்த மூலையிலதான் கெடந்துச்சு, கருப்புக்கு அடியிலதான் போகுதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் தீட்டுனேன்.

முடிச்சுட்டு எந்திரிச்சுத் தள்ளி நின்னு பாத்தா, ஆத்தாடி, இது நான் செஞ்சதா? டீச்சர் பின்னால வந்து நின்னு பாத்துச்சு. அப்புறம், "இது இங்க செவுத்துல இருக்கட்டும் டெய்லரம்மா"ன்னுச்சு. பஸ்ஸுல நான் எனக்குள்ள சிரிச்சுக்கிட்டே வந்திருக்கேன், பக்கத்துல உக்காந்திருந்த அம்மா ஒரு மாதிரிப் பாத்துட்டு நகந்து உக்காந்துச்சு. அம்புட்டு சந்தோசம். என் கல்யாணத்துல கூட நான் அப்படிச் சிரிச்சதில்ல. வீட்டுக்கு வந்ததும் அக்கா போன் பண்ணி, பத்திரிகை என்னாச்சுன்னு கேட்டா. "விட்டுட்டேன்க்கா. நல்லா ஓடிப் போச்சு"ன்னேன். சிரிப்பு மாறாமலே சொன்னேன்.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கிருச்சு. ஒருநாள் காலையில அக்கா மக போன் பண்ணுச்சு. "சின்னம்மா, அப்பாவுக்கு நெஞ்சுவலி. மதுரைக்குத்தான் கொண்டு வாரோம். நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க." சொல்லும்போதே புள்ள அழுதுச்சு.

இப்ப சொல்லப் போறதை நான் இன்னும் யாருகிட்டயும் சொன்னதில்ல. "இந்தா வாரேன்டா"ன்னு போனை வச்ச நிமிசம் எனக்கு அத்தான் முகம் கண்ணுக்கு வரல. அழுதுக்கிட்டிருந்த புள்ளையும் வரல. 'ஐயையோ, விசயம் தெரிஞ்சா அந்தப் படத்தைப் பிச்சு ஆத்துல போடச் சொல்லுவாகளே'ன்னுதான் மனசு பதறுச்சு. எங்க அம்மா போனப்புறம் எனக்குத் தலை பின்னி விட்டு, என் கல்யாணத்துக்குத் தன் கழுத்துல கெடந்ததைக் கழட்டிப் போட்டவ எங்க அக்கா. அவ புருசன் உசுருக்குப் போராடுறாரு, நான் பலகைக்குப் பதறுறேன். தூ, நீயெல்லாம் ஒரு மனுசியான்னு என்னை நானே திட்டிக்கிட்டுத்தான் ஆட்டோ ஏறுனேன்.

டாக்டர் பீடியைத்தான் சொன்னாரு. அத்தான் ஊதாத பீடியா? காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

அடைப்பை எடுத்துட்டாங்க. ஆனாலும் ஒரு நாள் போகட்டும், அப்புறம்தான் எதையும் சொல்ல முடியும்னுட்டாங்க. மறுநாள் காலையில அக்கா வராண்டாவுல என் கையைப் பிடிச்சா. "ஊருல கோடாங்கிகிட்டக் குறி கேட்டிருக்காக. பத்திரிகை விட்ட எடத்துக்கே போயி தேங்காய் உடைச்சு மன்னிப்புக் கேக்கணுமாம். கேட்டாத்தான் உங்க அத்தான் எந்திரிப்பாராம். நீ எங்கன விட்ட? என்னைக் கூட்டிட்டுப் போ."

அப்பவாச்சும் சொல்லியிருக்கணும். நான் ஆட்டோவைக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

தரைப்பாலத்துக்குப் பக்கத்துல படிக்கட்டு இருக்கு. நல்லவேளை, அணையில தண்ணி திறந்திருந்தாங்க. நல்லவேளைங்கிறேன் பாருங்க. ஆகாயத்தாமரைக்கு நடுவுல பழுப்பா ஓடிக்கிட்டிருந்துச்சு. "இங்கனதான்க்கா"ன்னு கையைக் காட்டுனேன். காட்டுன எடத்துல ஒரு பிளாஸ்டிக் பை சிக்கிக்கிட்டு ஆடிக்கிட்டிருந்துச்சு. அக்காவுக்கு மூட்டுவலி. செருப்பைக் கழட்டிட்டு, ஒவ்வொரு படியாக் கையை ஊணி எறங்குனா. நான் தாங்கிப் பிடிக்கப் போனேன், வேணாம்னுட்டா. தேங்காயை உடைச்சா. காத்துல சூடம் நிக்கல, முந்தானையால மறைச்சு ஏத்துனா. அப்புறம் தண்ணியைப் பாத்துப் பேச ஆரம்பிச்சா.

"தாயே, அச்சடிச்சவன் கண்ணு தப்புனது, படிக்காமக் கும்பிட்டது எங்க தப்பு. என் தங்கச்சிக்கு இதுல ஒண்ணும் இல்ல. நான் சொன்னதைச் செஞ்சா, அம்புட்டுத்தான். அந்த வார்த்தையை அவ கையால தூக்கிட்டு வந்தாளேன்னு அவ வீட்டுல எதையும் காட்டிராத. எதுவானாலும் என்னோட போகட்டும்."

புருசன் அங்க கெடக்காரு, இவ எனக்காகக் கும்பிடுறா. எறங்கிப் போயி அவ தோளைப் பிடிச்சேன்.

"அக்கா, நிறுத்துக்கா. நான் விடல."

"என்னத்த விடல?"

"பத்திரிகையை. ஆத்துக்கே கொண்டு வரல. வெட்டிப் படம் செஞ்சுட்டேன்."

அவளுக்குப் புரியல. திரும்பச் சொன்னேன். தேங்காய் மூடி கையில இருந்துச்சு, மூஞ்சியில எறிவான்னு பாத்தேன். எறிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அடி கூறுகெட்டவளே, என் புள்ள பேரை வெட்டுனியா?"

"வெட்டுனேன்க்கா."

"எதுக்குடி?"

"நல்லா இருந்துச்சு."

 அக்கா சூடம் அணையிற வரைக்கும் அப்படியே நின்னா. அப்புறம், "வா, காட்டு"ன்னா. பஸ்ஸுல ஜன்னல் கம்பிப்பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்தவ, நாகமலை வர்ற வரைக்கும் என் பக்கம் திரும்பல.

நல்லவேளை டீச்சர் வீட்டுல இருந்துச்சு. யாரு என்னன்னு கேக்காம மாடியைத் திறந்து விட்டுட்டு, காப்பி போடக் கீழ போயிருச்சு. அக்கா படத்துக்கு முன்னால போயி நின்னா. பிச்சு எறிஞ்சுருவான்னு நான் பக்கத்துலயே நின்னேன். காப்பாத்துறதுக்குத்தான் நின்னேன், படத்தை.

"நம்ம மேக்காட்டுப் புஞ்சையில்ல இது?"ன்னா மெதுவா. விரலை வச்சு ஒவ்வொரு சாலாப் படிச்சுக்கிட்டே போனா. மக பேருல பாதி கெடச்சுச்சு. மீதி அடுத்த சாலுல கெடந்துச்சு. "அந்த வார்த்தை எங்க?"

கருப்பு மூலையைக் காட்டுனேன். "இதுக்கு அடியில இருக்குக்கா. மேல தீட்டிட்டேன்."

"ஒருத்தரும் படிக்க முடியாதுல்ல?"

"முடியாது."

அக்கா உஸ்ஸுன்னு மூச்சை விட்டுட்டு அங்கிருந்த ஸ்டூல்ல உக்காந்தா. "ஆத்துல விட்டிருந்தா எங்கயாவது கரை ஒதுங்கி எவனாவது படிச்சிருப்பான். நீ மூடிட்ட. அத்தானை நெனச்சு மூடிருக்க. எனக்கு அது போதும்டி"ன்னு என் கன்னத்தைத் தொட்டா. நானா அத்தானை நெனச்சேன்? வெளிச்சம் தூக்கலா இருந்துச்சு, மூடுனேன். சொல்லணும்னு வாயைத் தொறக்கிறதுக்குள்ள அக்கா, "இதைக் கல்யாணத்துக்குக் குடுத்துரு. புள்ள வீட்டுல மாட்டட்டும்"னுட்டா.

ஒரு பவுன் கேட்டிருந்தா அந்த எடத்துலயே கழட்டிக் குடுத்திருப்பேன். இதுக்கு எனக்கு மனசு வரல. "சரிக்கா"ன்னு சொல்றதுக்குள்ள டீச்சர் கொண்டு வந்து வச்ச காப்பியே ஆறிப் போச்சு.

அத்தான் எந்திரிச்சுட்டாரு. கல்யாணத்தை அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளி வச்சாங்க. மனுசன் பட்டுவேட்டி கட்டி, மணவறையில உக்காந்து தாரை வாத்துக் குடுத்தாரு. அக்கா வந்தவுகளை எல்லாம் நிறுத்தி, "இது என் தங்கச்சி செஞ்சது"ன்னு படத்தைக் காட்டுனா. அந்தப் பழைய பத்திரிகையில செஞ்சதுன்னு மக உட்பட யாருக்கும் சொல்லல, பேரைக் கண்டவுக புதுப் பத்திரிகைன்னு நெனச்சுக்கிட்டாக. நான் அதுக்கப்புறம் அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு பாத்தேன். கடையில அதே செவப்பு கெடைக்கத்தான் செய்யுது. ஆனா பலகையில ஒட்டுனா அட்டையாத்தான் இருந்துச்சு, மண்ணா ஆகல. வேற வேற படம் வருது, டீச்சர் நல்லாருக்குங்குது. அது மாதிரி வரல.

புள்ளையைத் திருமங்கலத்துல கட்டிக் குடுத்திருக்கு. நான் அடிக்கடி போவேன். பூ வாங்கிட்டுப் போவேன், ரவிக்கை தைச்சுக் கொண்டு போவேன், ஒண்ணுமில்லேன்னா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லிக்கிட்டுப் போவேன். "சொந்தச் சின்னம்மான்னா இப்படியில்ல இருக்கணும்"னு அது மாமியா எல்லார்கிட்டயும் சொல்லுதாம். அதைக் கேட்டு அக்கா போன்ல அழுகுறா, சந்தோசத்துல.

போன வாரம் அதிரசம் சுட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். புள்ளைக்கு எட்டாம் மாசம். இடுப்புல ஒரு கையை ஊணிக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே வந்து கதவைத் தொறந்துச்சு. மூஞ்சி வெளுத்து, காலு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. இதெல்லாம் நான் அப்புறமாப் பாத்தது. கதவு தொறந்ததும் என் கண்ணு அது தோளைத் தாண்டி உள்செவுத்துக்குப் போயிருச்சு. ரெண்டு நாளா மழை, செவுத்துல ஈரம் எறங்கி இருந்தா என்ன ஆகுறது.

புள்ள திரும்பி, என் கண்ணு போன எடத்தைப் பாத்துச்சு. அப்புறம் என்னைப் பாத்துச்சு. கோவமெல்லாம் இல்ல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வழியை விட்டு ஒதுங்கி நின்னுச்சு.

"படத்துக்கு ஒண்ணும் ஆகல சின்னம்மா. உள்ள வாங்க."