நூற்றியெழுபத்தேழாம் நம்பர் குண்டு

மேலத்தெருக்காரர்கள் எங்கள் தெரு ஆட்களை 'வா' என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்தவராக இருந்தால் 'வாப்பா'. அந்த வயதில் அது எனக்குத் தப்பாகவும் படவில்லை, சரியாகவும் படவில்லை. வாய்க்காலில் தண்ணீர் மேற்கிலிருந்து வருகிற மாதிரி அதுவும் ஒரு நடப்பு. அந்த நடப்புக்கு வெளியே நின்றவர் ஒரே ஒருவர், என் அத்தையின் வீட்டுக்காரர். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு, பச்சை டிரங்குப் பெட்டியும் கத்தரித்த மீசையுமாக வந்து எங்கள் தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டவர். அவரைப் பார்த்தால் மேலத்தெருவே "மிலிட்டரி, வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடும். மாமா உட்காரும்போது எங்கள் தெருவே உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று அப்பா சொல்வார்.

மாமா தானாகப் பட்டாளத்துக் கதை சொல்ல மாட்டார். நான்தான் பிடுங்குவேன். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஐந்தாம் வகுப்புவரை வந்தவன் என்பதால் எனக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. பார்டரில் எப்படி இருந்தது என்று கேட்டால், நாலு பக்கமும் நெருப்பு, புகையில் பக்கத்து ஆள் முகம் தெரியாது, நின்ற இடத்தைவிட்டு நகர முடியாது என்பார். ஆட்கள் நிறைய வருவார்களா என்று கேட்டேன்.

"வரிசையா வருவானுங்க மாப்ள. ஒரு வேளைக்கு முந்நூறு பேர். ஒருத்தனையும் விட்டதில்ல."

இதை நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பினேன். முந்நூறை ஐந்நூறு ஆக்கியதும் நான்தான்.

அந்த வருஷப் பொங்கல் விளையாட்டில் சாக்கு ஓட்டம், பானை உடைத்தல் எல்லாம் பழசாகிவிட்டது என்று சித்தப்பா ஒரு புதுமை செய்தார். வலங்கைமானில் அவருடைய சிநேகிதர் ஒருவர் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போட்டுக்கொண்டிருந்து, அதை விட்டுவிட்டு சிங்கப்பூர் போயிருந்தார். அவர் வீட்டுப் பரணில் கிடந்த ஏர் ரைபிளைச் சித்தப்பா கேட்டு வாங்கி வந்தார். கோலப்போட்டி முடிந்ததும் பலூன் சுடுவது. முதல் மூன்று குண்டும் மிலிட்டரி கையால் சுட்டுத் தொடங்குவது. இதைச் சித்தப்பா மாமாவைக் கேட்காமலே மைக்கில் அறிவித்துவிட்டார். அன்றைக்கு மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அத்தை தைலம் தேய்த்துவிட்டாள். மறுநாள் காலையில் வேட்டி கட்டிக்கொண்டு நேராகத்தான் நடந்தார்.

துப்பாக்கி வந்ததே தவிர குண்டு வரவில்லை. அதை வாங்கச் சித்தப்பா தஞ்சாவூருக்குப் போனார். கடைக்காரர், இருபத்திரண்டா நூற்றியெழுபத்தேழா என்று கேட்டிருக்கிறார். சித்தப்பாவுக்கு எழுத்துதான் வராதே தவிர நம்பர் அத்துப்படி. எங்கள் ஊரில் நெல்லுக்குப் பெயரே நம்பர்தான். ஐ.ஆர். இருபது என்றால் சன்னம். ஆயிரத்தொன்பது என்றால் மோட்டா, கையில் எடுத்தால் குண்டு குண்டாக இருக்கும். சின்ன நம்பர் சன்னம், பெரிய நம்பர் மோட்டா. பலூன் வெடிக்க மோட்டாதானே வேண்டும்? "நூத்தியெழுபத்தேழே குடுங்க" என்று வாங்கிக்கொண்டு, கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்பதற்குள் பஸ் பிடித்துவிட்டார்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. பின்னால் சம்பா பழுத்துச் சாய்ந்து கிடந்தது. பலகையில் கலர் கலராக பலூன்கள். மேலத்தெருக்காரர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி, அவர்களுக்கு நடுவில் மாமாவுக்கும் ஒரு நாற்காலி. கோலப்போட்டி முடிந்த பெண்கள் பக்கத்தில் அத்தை நின்றாள். கையில் ஒட்டிய கோலமாவைத் தட்டக்கூட மறந்து நின்றாள்.

மாமா எழுந்து போய்த் துப்பாக்கியை வாங்கினார். அதை மடக்கி, குண்டை வைத்து, நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடினார். 'புஸ்' என்று ஒரு சத்தம். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம். சிவப்புப் பலூன் ஆடியது. அதுவும் காற்றில்தான் ஆடியதோ என்னவோ. இரண்டாவது குண்டும் அப்படியே. மூன்றாவது, பலகைவரை போகவில்லை. நடுவழியில் மண்ணில் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் பெரியவர்கள். எங்கள் தெரு டீக்கடை அண்ணன், பலூனுக்குச் சளி பிடித்துவிடப் போகிறது, ஊதினது போதும் என்றார். முன்வரிசையிலிருந்து மேலத்தெருப் பெரியவர் ஒருவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"என்னப்பா மிலிட்டரி, பார்டர்லயும் இப்படித்தானா?"

'ப்பா' வந்துவிட்டது. அந்த இரண்டு எழுத்தை எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அப்பா தரையைப் பார்த்தார். மாமா துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் ஓடிப்போய்க் குண்டு டப்பாவை எடுத்தேன். அழுகையை மறைக்க எதையாவது படிப்பது என் பழக்கம். மூடியில் பூஜ்யம், புள்ளி, ஒன்று ஏழு ஏழு என்று இருந்தது. பிறகு துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கிற சாக்கில் மாமாவை ஒட்டி நின்றேன். குழாயின் பக்கவாட்டில் துருவுக்கு நடுவே வேறொரு நம்பர் வெட்டியிருந்தது. பூஜ்யம், புள்ளி, இரண்டு இரண்டு. தசமம் எங்களுக்கு அந்த மாதம்தான் நடந்திருந்தது.

"மாமா, இது வேற குண்டு. துப்பாக்கி பெருசு, குண்டு சின்னது."

சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது. நூற்றியெழுபத்தேழு சின்னது, இருபத்திரண்டு பெரிசா, இதைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்களா என்று கேட்டார். நான் குச்சியை எடுத்து மண்ணில் எழுதினேன். புள்ளிக்கு அப்புறம் வந்தால் கணக்கே வேறு. இருபத்திரண்டுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டால் இருநூற்றிருபது. இப்போது எது பெரிசு? யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு குண்டை எடுத்துக் குழாய்க்குள் போட்டுச் சாய்த்துக் காட்டினேன். அது மறுமுனை வழியாக உருண்டு வந்து, மேலத்தெருப் பெரியவரின் காலடியிலேயே விழுந்தது. அது எல்லோருக்கும் புரிந்தது.

சிரிப்பு அப்படியே சித்தப்பா பக்கம் திரும்பியது. மோட்டா ரகக் குண்டுக்கு நாற்றங்கால் எப்போது விடுவது, நடவா தெளிப்பா என்று விடிய விடியக் கேட்கிற ஊர் எங்கள் ஊர். பெரியவர் எழுந்து, "அதானே பார்த்தேன். உக்காருங்க மிலிட்டரி" என்றார். மாமா உட்கார்ந்தார். எங்கள் தெருவும் உட்கார்ந்தது.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு நியாயம் முழுசாக நடக்க வேண்டியிருந்தது. மறுநாளே சித்தப்பாவை நச்சரித்துத் தஞ்சாவூருக்கு அனுப்பி, இருபத்திரண்டு வாங்கிவரச் செய்து, டப்பாவோடு மாமா வீட்டுக்கு ஓடினேன். இது சரியான குண்டு, இப்போது ஊரைக் கூட்டிச் சுட்டுக் காட்டலாம் என்றேன். மாமா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தலையைத் தடவி, நீ படிக்க வேண்டிய பிள்ளை என்றார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் வைத்துப் பூட்டினார். அத்தை அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். இவ்வளவு பெரிய வீரர் இவ்வளவு அடக்கமாக இருக்கிறாரே என்ற பூரிப்பில் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பொங்கலுக்கு மாமா நாகப்பட்டினத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த பொங்கலுக்கும்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. விடிந்தால் முகூர்த்தம், சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், துண்டை இடுப்பில் இறுக்கினார், கொல்லையில் கோட்டை அடுப்புகளுக்கு நடுவில் போய் நின்றார். நாலு பக்கமும் நெருப்பு. புகையில் அவர் முகம் தெரியவில்லை. அண்டாவில் துடுப்பைப் போட்டு அவர் கிண்டிய லாகவத்தைப் பார்த்து நான் அசையாமல் நின்றபோது, அத்தை பக்கத்தில் வந்து, பட்டாளத்தில் இருபது வருஷம் வேறு என்ன செய்தார் என்று நினைத்தாய் என்று கேட்டாள்.

துப்பாக்கி பழகிய கை, குண்டு தொளதொளவென்று உள்ளே விழுந்ததை முதல் தடவையிலேயே கண்டுபிடித்திருக்கும். மாமாவின் கை கண்டுபிடிக்கவில்லை. அதை அன்றைக்கு மைதானத்தில் அத்தை ஒருத்திதான் கவனித்திருக்கிறாள்.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் வாளியை மாமாவே தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் முந்நூறு பேராவது சாப்பிட்டுப் போயிருப்பார்கள். போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினேன்.

"கைய எடு மாப்ள. நான் ஒருத்தனையும் விட்டதில்ல."

அவர் அன்றைக்குப் பார்டரைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சண்டையை எதற்கு வேளைக் கணக்கில் சொல்கிறார் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. தசமத்தில் மட்டும் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தேன்.