பாதிக் கிணறு

காணி அலுவலகத்தில் இருந்த மனிதர் சொன்ன ஒரு சொல்தான் ஐரிசைக் கிளப்பிவிட்டது. "குடுத்திருப்பார்."

ஐரிசுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இணுவிலில் வாடகை வீடொன்றின் முன்னறையில் தையல் மெசினைப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துச் சீவிக்கிறாள். சொந்த ஊர் தெல்லிப்பழைக்கு வடக்கே ஈச்சம்புலம். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊர்ச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டபோது தாய் தகப்பனோடு அவளும் வெளிக்கிட்டாள். பின்னால் ஊரைச் சுற்றிப் படைக்காரரின் முட்கம்பி விழுந்தது. தகப்பன் நதானியேல் அந்த ஊர்க் கல்லுக்கிடங்கில் சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைத்தவர். வெடிச் சத்தத்தில் காது மந்தமாகிப்போனவர். கம்பி திறக்கும் திறக்கும் என்று இருந்தே இணுவிலில் கண்ணை மூடினார்.

அவர் போய் வெகுகாலத்துக்குப் பிறகுதான் கம்பி திறந்தது. ஐரிஸ் போய்ப் பார்த்தாள். ஒழுங்கை இல்லை, வீடு இல்லை, பனைகள் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பள்ளமும், பள்ளத்தில் பச்சைத் தண்ணியும், சுற்றிவர இப்பில்-இப்பில் மரப் பற்றையும். காணி உறுதிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனபோதுதான் அந்த மனிதர் சொன்னார்.

"அம்மா, உறுதி சரி. காணி எங்கை? அது பழைய கல்லுக்கிடங்கு. தொண்ணூறுக்கு முந்தியே வெட்டின இடம். உங்கடை அப்பா கல்லு வெட்டுற கொம்பனிக்குக் குடுத்திருப்பார். வீட்டிலை சொல்லாமல் விட்டிருப்பார்."

"குடுத்தவரெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. இருக்கலாம் எண்டு சொல்லுறன்."

ஐரிசுக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. காணி கேட்டுக் கொம்பனி ஆட்கள் வந்தபோதெல்லாம் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் படலையோடு அனுப்பியவர் அவளுடைய தகப்பன். வாயைத் திறந்து மறுக்க அவர் உயிரோடு இல்லை என்ற துணிவில் அல்லவா இந்த மனிதர் கதைக்கிறார்! பஸ்ஸில் இருந்து வரும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். பழைய கிடங்கு என்றால் பழைய சாமான்கள் இருக்க வேண்டும். தண்டவாளம் எங்கே? கல் ஏற்றிய தள்ளுவண்டிகள் எங்கே? வெடிமருந்து வைத்த அறை எங்கே? அவை எந்த இடத்தோடு முடிகின்றனவோ, அந்த இடத்தோடு பழைய கிடங்கும் முடிய வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கத்தியொன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள். தெல்லிப்பழையில் இறங்கி, ஒரு சொந்தக்காரியின் சைக்கிளை வாங்கி மிதிப்பாள். முதலில் அவள் தேடியதெல்லாம் பிழைத்தது. வெடிமருந்து அறை என்று நினைத்து வெட்டித் துப்புரவாக்கிய கொங்கிறீற்று, படைக்காரரின் காவலரணாக இருந்தது. தள்ளுவண்டி என்று நினைத்தது துருப்பிடித்த தண்ணீர்த் தாங்கி. முள் கிழித்த கையோடு வீட்டுக்கு வந்து, அந்த ஆத்திரத்தோடேயே மெசினை மிதித்து ஊசியை உடைத்த நாட்களும் உண்டு.

ஒரு ஞாயிறு, பற்றைக்குள் இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது. பழைய இரும்பு எடுக்கிற ஒருவன் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் தண்டவாளத் துண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"எங்கை கழட்டினனி உதை?"

"ஆக்களில்லாத இடத்து இரும்பு அக்கா. ஆரும் எடுக்கலாம்."

"ஆக்களில்லாத இடமோ? அப்ப நான் ஆர், பேயோ?" கத்தி சாக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது. "இடத்தைக் காட்டு. காட்டாமல் உந்த மெசினை எடு பாப்பம்."

அவன் பயந்துபோய்க் காட்டினான். அங்கே தண்டவாளம் போய், உக்கிய சிலிப்பர்க் கட்டைகள் மட்டும் மண்ணில் வரிசையாகக் கிடந்தன. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு பற்றையை வெட்டி வெட்டிப் போனவள், கடைசியில் கூரை இடிந்த ஒரு சின்ன அறையில் முட்டினாள். தடித்த சுவர், யன்னலே கிடையாது. சின்ன வயதில் தகப்பனுக்குச் சோறு கொண்டுவந்தால், இதற்குக் கிட்ட வரக்கூடாது என்று தூரத்திலேயே மறித்துவிடுவார்கள். வெடிமருந்து அறை! பழைய கிடங்கின் விளிம்பு அதோடு முடிந்தது. அதற்கப்பால் ஒரு வரம்பு போல நிலம் மிஞ்சியிருந்தது.

வரம்பில் ஏறிப் பார்த்தாள். மறுபக்கம் இன்னொரு பள்ளம். முந்தியதைவிட ஆழம், அகலம். தண்டவாளம் இல்லை, ஒரு பழைய சாமானும் இல்லை. எதிர்ச் சுவரில், வெட்டிய வெள்ளைக் கல்லின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு அரைவட்டம் இறங்கியது. உள்பக்கம் பாசி காய்ந்து கறுத்திருந்தது. பாதியில் சதுரமாக ஒரு தட்டு. தண்ணி வற்றுகிற காலத்தில் தண்ணி இறைக்கிற பம்பை இறக்கி வைக்கத் தகப்பன் உளியால் கொத்திய தட்டு.

அவர்களுடைய கிணறு. நீட்டுக்குப் பிளந்து, ஒரு பாதியைக் கல்லோடு கல்லாக அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஐரிஸ் அழவில்லை. கையில் அகப்பட்ட கல்லையெல்லாம் எடுத்து அந்தப் பச்சைத் தண்ணியில் எறிந்தாள். கெட்ட வார்த்தை அறியாத வாயிலிருந்து அன்றைக்கு எல்லாம் வந்தது.

அடுத்த நாளே கிருபைரட்ணத்தைத் தேடிப் போனாள். பக்கத்து வளவுக்காரர், தகப்பனோடு கிடங்கில் கல் ஏற்றியவர். அந்தத் தட்டைக் கொத்தியபோது கயிறு பிடித்தவரும் அவர்தான். இப்போது தெல்லிப்பழையில் மகளோடு இருக்கிறார்.

"கிருபை அண்ணை, ஒருக்கா வந்து சொல்லுங்கோ. அது எங்கடை கிணறுதானெண்டு."

"விடு பிள்ளை. வெட்டினவன் ஆரெண்டு தெரியாது. என்னத்துக்குத் தேவையில்லாத வில்லங்கம்?"

"வெட்டினவனை நான் கேக்கேல்லை. எங்கடை அப்பாவைக் கள்ளனாக்கிறாங்கள். நீங்களும் வாய் பொத்திக்கொண்டு இருக்கிறியள். அவர் கையாலை எவ்வளவு நாள் சாப்பிட்டிருப்பியள்?"

கிழவருக்கு முகம் கறுத்தது. உள்ளே போனவர், சேட்டொன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

அலுவலக மனிதரைப் பள்ளத்துக்குக் கூட்டிவர அவள் பட்ட பாடு தனிக்கதை. வரமாட்டேன் என்றவரை, அவருடைய மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தே வர வைத்தாள். வந்தவர் வரம்பில் ஏறி எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"நாங்கள் வெளிக்கிட்ட அண்டு காலமை உந்தக் கிணத்திலை அள்ளித்தான் குளிச்சனான்," என்றாள் ஐரிஸ். "கிடங்கு அப்பவே இருந்ததெண்டால், அந்தரத்திலையோ வாளி கட்டினனான்?"

"தட்டுக் கொத்தேக்கை கயிறு பிடிச்சனான்," என்றார் கிருபைரட்ணம். "எண்பத்தொன்பதிலை."

அந்த மனிதர் மெல்ல, "குடுத்தவரெண்டு பைலிலை எழுதினதை எடுத்துவிடுறன் அம்மா. ஆனால் இனிக் காணியெண்டு என்னத்தைத் தாறது? கிடங்குதானே. வேறை இடத்திலை ஒரு துண்டு கேட்டுப் பாப்பம்," என்றார்.

"எனக்கு வேறை இடம் வேண்டாம். கிடங்கெண்டாலும் அது என்ரை கிடங்கு. என்ரை பேரிலை எழுதுங்கோ."

எழுத ஒரு வருசத்துக்கு மேல் இழுத்தார்கள். அவளும் விடாமல் போய்க் கத்தினாள். கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள். வெட்டியவர் யாரென்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. நட்டஈடும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவள் கிளுவைக் கதியால்களை வாங்கிவந்து பள்ளத்தின் மேல்விளிம்பில் நட்டு வேலி அடைத்தபோது, பள்ளத்துக்கும் வேலியோ என்று கண்டவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் நல்ல பேச்சு விழுந்தது.

போன மாரிக்கு முன், கடைகளின் குப்பையை ஏற்றிய ட்ராக்ரர் ஒன்று வேலியை இடித்துக்கொண்டு பின்னுக்கு வந்தது. ஐரிஸ் ட்ராக்ரர்ப் பெட்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் போய் நின்றாள். சாரதி ஹோர்னை அடித்தான்.

"அக்கா, வெறும் பள்ளம்தானே! நிரம்பினால் உங்களுக்குத்தானே நல்லது?"

"வெறும் பள்ளமோ? கீழை இறங்கு. இறங்கி வந்து பார். அது எங்கடை வீட்டுக் கிணறு. அதுக்குள்ளை ஒரு பேப்பர்த் துண்டு விழுந்தாலும் உன்ரை ட்ராக்ரரையும் சேத்துத் தள்ளுவன்!"

அவன் இறங்கவில்லை. ட்ராக்ரர் முன்னுக்கு உருண்டு, தெரு ஏறி, வந்த வழியே போனது. ஐரிஸ் சரிந்து கிடந்த கதியாலை நிமிர்த்தி, திட்டித் திட்டியே மண்ணை மிதித்து இறுக்கினாள்.