எழுந்தால் நிற்கும் இயந்திரம்

என் மனைவி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடப்பாள். நடுவில் ஏதாவது தோன்றிவிட்டால் தட்டை எங்காவது வைத்துவிட்டுப் போய்விடுவாள். மறுநாள் அதைப் புத்தக அலமாரியின் மேலேயோ, துவைக்கப் போட்ட துணிக்கு அடியிலேயோ நான் கண்டுபிடிப்பேன். அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் கைகொடுக்கலாம்.

வைக்கோலை வாரிக் கட்டாகக் கட்டும் இயந்திரத்தை வடிவமைப்பது அவள் உத்தியோகம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவார்கள். முன்னால் இருக்கும் பல்வரிசை சுழன்று, வயலில் கிடப்பதை வாரி உள்ளே தள்ளும். உள்ளே ஒரு கனத்த தட்டு முன்னும் பின்னும் போய்வந்து அதை இடித்து இறுக்கும். வேண்டிய நீளம் சேர்ந்ததும் கீழிருந்து வளைந்த ஊசிகள் கயிற்றை மேலே கொண்டுவரும். மேலே ஒரு கொக்கி சுழன்று முடிச்சுப் போட, கத்தி கயிற்றை அறுக்கும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

நான் தையல்காரன். ஊசியையும் நூலையும் நம்பிப் பிழைக்கிற இரண்டு பேரும் சேர்ந்துவிட்டீர்கள் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அதில் பாதி உண்மை. முதல் சந்திப்பிலேயே என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் தையல் மெஷினின் அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னவள் அவள்.

அவளுக்கு ஒரே தம்பி. அதே தொழிற்சாலையில் புது இயந்திரங்களை வயலில் ஓட்டிச் சோதிக்கும் டிரைவர். பழைய மாதிரி இயந்திரத்தில் வைக்கோல் அடைத்துக்கொண்டபோது, அது ஓடிக்கொண்டிருக்கவே அவன் இறங்கிப் போய் அடைப்பைக் காலால் உதைத்துத் தள்ளியதை ஒருநாள் இவள் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை உள்ளே இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னிடமும் கேட்டாள், சுவரிடமும் கேட்டாள். அப்புறம் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு டிராக்டர் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்சை வைத்தாள். டிரைவர் எழுந்தால் போதும், பின்னால் இருக்கும் இயந்திரத்துக்குப் போகிற சக்தி அறுந்துவிடும். டிராக்டர் என்ஜின் மட்டும் ஓடும்.

அதில் என் மைத்துனனுக்கு வந்த பெருமை அவளுக்குக்கூட வரவில்லை. போகிற வயலில் எல்லாம் விவசாயிகளைக் கூட்டி, இருக்கையிலிருந்து எழுந்து எழுந்து காட்டுவான். "எங்க அக்கா செஞ்சது. நான் எழுந்தா அது நிக்கும்" என்பான். ஒரு நாளைக்கு எத்தனை முறை இறங்கினாலும் சாவியைத் தொடமாட்டான். சாவியைத் திருப்பினால் அக்காவை அவமானப்படுத்துவது போல என்று ஒரு நினைப்பு.

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் புது மாதிரியில் முடிச்சு அவ்வப்போது நழுவியது. ஏன் நழுவுகிறது என்று பார்க்க, இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நின்று முடிச்சைக் கவனிக்க வேண்டும். அது ஓட வேண்டுமானால் இருக்கையில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். இவள் பக்கத்தில் இருக்கும்போது யார்தான் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? அதைக் கொண்டுவா, இதைப் பிடி என்று இவளே எழுப்பிவிடுவாள், இயந்திரம் நின்றுவிடும். ஆகவே ஒரு சாக்கில் மணலைக் கட்டி இருக்கையில் வைத்தாள். சாக்கு ஒழுகியது. என்னிடம் வந்து, இந்த அளவில், மணல் சிந்தாத மாதிரி, இருக்கையோடு கட்ட நாடா வைத்து ஒரு பை வேண்டும் என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் கேட்கிற பொருளுக்கெல்லாம் காரணம் கேட்டால் என் கடையை மூடவேண்டியதுதான். நீல நிறக் கெட்டித் துணி எடுத்து, இரட்டைத் தையல் போட்டு, மணல் ஒரு பக்கமாகச் சேராமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தைத்து, ஓரத்தில் வெள்ளைக் கரையும் வைத்துக் கொடுத்தேன். பார்க்க லட்சணமான மெத்தை போல இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

மெத்தையை இருக்கையில் கட்டிவிட்டு, ஒருநாள் மாலை தொழிற்சாலை மைதானத்தில் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தாள். கொக்கி முடிச்சை இறுக்குவதற்குள் கத்தி முந்திக்கொண்டு கயிற்றை அறுக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு ஒன்று பிடிபட்டுவிட்டால் கால் தரையில் நிற்காது. இயந்திரத்தை நிறுத்தினாள், படம் வரைய மேலே ஓடினாள். மெத்தையை அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலை என் கடையில், அதாவது எங்கள் வீட்டு முன்னறையில், காபியோடு சுற்றிச் சுற்றி வந்து அந்தக் கத்தியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் யாருடைய சோபாவுக்கோ தலையணை உறை தைத்து நாடா வைத்துக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே வந்தவளின் கண் என் கையிலிருந்த நாடாவில் விழுந்தது. பேச்சு பாதியில் நின்றது. அவள் பேச்சு பாதியில் நின்று நான் கேட்டதே இல்லை, அதனால் நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ரத்தம் இல்லை.

"அவுக்கலைங்க. அந்தப் பையை நான் அவுக்கவே இல்ல."

எந்தப் பை என்றேன். அப்போதுதான் அது எதற்காகத் தைக்கப்பட்டது என்பதே எனக்குத் தெரிந்தது. மைத்துனன் விடியற்காலையிலேயே அந்த டிராக்டரையும் இயந்திரத்தையும் வயலுக்கு எடுத்துப் போயிருந்தான். போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என்ஜின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது. அந்த வயல்காரரின் எண் தொழிற்சாலையில் இருக்கும், தொழிற்சாலைக்கு யாரும் இன்னும் வந்திருக்க மாட்டார்கள்.

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்னால் உட்கார்ந்தவள் என் காதில் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். ராத்திரி தூறல் போட்டதாம், வைக்கோல் நமுத்திருக்குமாம், நமுத்த வைக்கோல் அடைக்காமல் போகாதாம். அடைத்துக்கொண்டால் அந்தப் பல்வரிசை அசையாமல் நிற்குமாம். நின்றுவிட்ட மாதிரிதான் இருக்கும், ஆனால் சக்தி வந்துகொண்டே இருக்கும். கிளட்ச் வழுக்கிக்கொண்டு காத்திருக்கும். அடைப்பைக் கையால் பிடுங்கினால் அந்த நொடியே பற்கள் பாயும், பிடித்த கையோடு சேர்த்து இழுக்கும். சுவிட்ச் வேலை செய்கிறது என்று நம்புகிறவன்தான் தைரியமாகக் கையை விடுவான் என்றாள்.  என் சட்டையைப் பிடித்திருந்த கை இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது.

குறுகலான சாலையில் வைக்கோல் கட்டுகளை ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. நான் ஹாரனை அடித்துத் தீர்த்தேன். அந்த நேரத்திலும் அவள் கண் கட்டுகளின் முடிச்சைப் பார்த்தது. "கத்திதான், சந்தேகமே இல்ல" என்று முணுமுணுத்தவள், உடனே தன் தலையில் தானே பட்டென்று அடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, லாரிக்காரன் மேலா, கரை வைத்துத் தைத்த என் கை மேலா என்று தெரியாத கோபம். லாரி ஒரு வளைவில் ஒதுங்கியதும் ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

வயல் தெரிந்தது. டிராக்டர் நடுவில் நின்றுகொண்டிருந்தது. என்ஜின் ஓடுகிற சத்தம் சாலை வரைக்கும் கேட்டது. இருக்கையில் ஆள் இல்லை. நீல மெத்தை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

நான் பிரேக் போடுவதற்குள் அவள் குதித்துவிட்டாள். ஸ்கூட்டர் சாய்ந்து நான் வரப்போரமாக விழுந்தேன். அவள் தம்பியைத் தேடி ஓடவில்லை. நேராக டிராக்டரில் தாவி ஏறி என்ஜினை நிறுத்தினாள். அடங்கிய பிறகுதான் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். எந்தக் காட்சியைப் பார்க்கப் போகிறோமோ என்று நானும் நொண்டிக்கொண்டே ஓடினேன்.

மைத்துனன் இயந்திரத்தின் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நின்றான், அதுவே போதும் என்று இருந்தது எனக்கு. சட்டையில் வலது கை இல்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து ரத்தம் பொடித்திருந்தது. ஐந்து விரலும் இருந்தன. கழன்று போன சட்டைக்கை பல்வரிசையில் சுற்றிக்கொண்டு கிடந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வந்ததையோ, என்ஜின் நின்றதையோ அவன் கவனித்த மாதிரி இல்லை.

தோள்பட்டைத் தையல் அப்படியே நூல் நூலாக விட்டிருந்தது. கடையில் வாங்கிய ரெடிமேட் சட்டை. வீட்டில் தையல்காரனை வைத்துக்கொண்டு அவன் ரெடிமேட் வாங்கிப் போடுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒற்றைத் தையல், மட்டமான நூல். நான் தைத்திருந்தால் அது விட்டிருக்காது. அதை நினைத்ததும் இயந்திரத்தின் டயரைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் அவன் கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். கேட்ட குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது.

"நான் எழுந்துட்டுத்தான் வந்தேன்க்கா. சத்தியமா எழுந்தேன். ஏன் நிக்கல?"

தப்பு அவனுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவள் டிராக்டர் பக்கம் போய் நாடாக்களை அவிழ்த்து, அந்த மெத்தையை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டாள். மணல், கட்டினது நான், அவிழ்க்காமல் போனதும் நான் என்று சொன்னாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவன் குனிந்து மெத்தையை இடது கையால் அழுத்திப் பார்த்தான்.

"மாமா தையல்னு பாத்ததும் தெரிஞ்சுது. எனக்கு முதுகு வலிக்குதுன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லாம செஞ்சு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

அவனை டாக்டரிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவிட்டு, அவள் நேரே தொழிற்சாலைக்குப் போனாள். பெரிய இன்ஜினியரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே, வெளியே சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அவர் ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார். அவள் கேட்கவில்லை. எல்லா டிரைவர்களையும் மைதானத்தில் நிற்கவைத்து, மெத்தையைக் காட்டித் தன் வாயாலேயே சொன்னாள். பிறகு சுவிட்சை மாற்றி அமைத்தாள். இப்போது இருக்கை ஒருமுறை காலியாக இருந்து, அப்புறம் ஆள் உட்கார்ந்தால்தான் இயந்திரம் கிளம்பும். மணலையோ கல்லையோ கட்டி வைத்துவிட்டுப் போனால் அடுத்த முறை அசையவே அசையாது.

கத்தியையும் சரிசெய்துவிட்டாள். முடிச்சு நழுவுவதில்லை. ஆனாலும் அதைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நெருப்பின் மேல் நிற்பவள் போலத்தான் நிற்கிறாள். நாலு முறை முடிச்சைப் பார்த்தால் நாற்பது முறை இருக்கையைத் திரும்பிப் பார்க்கிறாள். நடுவில் தண்ணீர் குடிக்கக்கூட யாரையும் எழவிடுவதில்லை.

காயம் ஆறி மைத்துனன் வேலைக்குத் திரும்பினான். அவளிடம் ஒரு வார்த்தை குத்தலாகப் பேசியதில்லை. முன்பு போலவே வீட்டுக்கு வருகிறான், தட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று என்னோடு சேர்ந்து தேடுகிறான், அவளைப் பம்பரம் என்று கூப்பிட்டு அடி வாங்குகிறான். விவசாயிகளிடம் மட்டும் இப்போது எழுந்து எழுந்து காட்டுவதில்லை.

போன வாரம் அவளோடு நானும் வயலுக்குப் போயிருந்தேன். வைக்கோல் அடைத்துக்கொண்டது. அவன் எழுந்தான், இயந்திரம் நின்றது. அக்கா செய்த சுவிட்ச் சரியாகத்தான் வேலை செய்தது. அவன் சாவியைத் திருப்பி என்ஜினையும் அணைத்தான். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் இறங்கினான்.

பக்கத்தில் நின்ற புது டிரைவரிடம் அவள் சொன்னாள், இப்படித்தான் செய்ய வேண்டும், சுவிட்சை நம்பாதே, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கு என்று. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள். சொல்லும்போது தம்பி இருக்கும் பக்கம் மட்டும் பார்ப்பதில்லை.