ஆடி மாதத்தில் ஒரு கெட்டிமேளம்

சென்னைக்குக் கொண்டுபோக ஒரு கேசட் பதிந்து தரச் சொல்லித்தான் அந்தத் தம்பி என் மாடிக்கு வந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ராஜபாளையத்தில் அப்பாவின் மைக் செட் கடைக்கு மேலே நான் ஒரு ரெக்கார்டிங் அறை நடத்திவந்தேன். புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டிங் பண்றவுக எப்பம்மா வருவாக?" என்று கேட்பார்கள். "வந்தாச்சு, உக்காருங்க" என்பேன்.

தம்பிக்கு ஒரு மில்லில் கம்ப்யூட்டர் வேலை. ஓய்வு நேரத்தில் சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்திருந்தார். அய்யனார் கோவில் அருவிக்கு ஒருவன் மலையேற வேண்டும். வழியில் கரடி, யானை, வழுக்குப் பாறை. பெங்களூரில் ஒரு கம்பெனி அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் கீ கீ என்று கம்ப்யூட்டர் கத்துகிற சத்தம் வேண்டாம், ஆட்கள் உட்கார்ந்து வாசித்த இசை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தானே போட்ட மெட்டைக் கேசட்டில் எடுத்துக்கொண்டு சென்னை ஸ்டுடியோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு எதுக்குத் தம்பி சென்னை?" என்றேன்.

"ஆர்கெஸ்ட்ரா வேணும்க்கா."

"ஆளு இருக்கு, இடம் இருக்கு, நான் இருக்கேன். பொறவு என்ன?"

அவர் யோசித்தார். முதல் கட்டத்துக்கான இசையை மட்டும் இங்கே பதிந்து அனுப்புவது, பெங்களூருக்குப் பிடித்தால் மீதியெல்லாம் என்னிடம், பிடிக்காவிட்டால் சென்னை என்று முடிவானது. அதுவரை நான் பதிந்ததெல்லாம் கோவில் கொடை விழா அறிவிப்பும் ஜவுளிக்கடை விளம்பரமும்தான். ஆர்கெஸ்ட்ராவைப் பதிந்தவள் என்று நாலு பேர் என்னைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. அதை மறைப்பானேன்?

ஆடி மாதம் என்பதால் கல்யாண மண்டபங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. பெரிய மண்டபம் ஒன்று சுலபமாகக் கிடைத்தது. ஆனால் அதற்குள் ஒரு தும்மல் போட்டால் நாலு தும்மல் கேட்டது. பஞ்சுக்கா நம் ஊரில் பஞ்சம்? மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு மூட்டைகளைக் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கினோம். சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணிச் சுருள்களை வாங்கி, சன்னல்களில் மடித்து மடித்துத் தொங்கவிட்டேன்.

"என்னக்கா, மண்டபத்துக்கு அடிபட்டுருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வாத்தியக்காரர்கள் உள்ளே வந்தார்கள். மெல்லிசைக் குழுவின் வயலின்கள், சர்ச்சில் வாசிக்கிறவர்களின் வயலின்கள், ஒரு புல்லாங்குழல், ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்று வந்தவரின் டிரம்பெட். நாகசுரமும் தவிலும் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத் தேர் முடிந்த கையோடு வந்திருந்தார்கள்.

தவிலைக் கூடத்தில் வைத்தால் வயலின் மைக்குகள் எல்லாவற்றிலும் தவில்தான் இருக்கும். அதனால் தவில்காரரையும் நாகசுரக்காரரையும் பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துக் கதவை ஒரு முழம் திறந்து வைத்தேன். தவில்காரருக்கு அந்த இடைவெளியில் என் கை மட்டும்தான் தெரியும்.

விளையாட்டுக்கான இசை பாட்டைப் போல முடியக் கூடாது. ஆடுகிறவன் எவ்வளவு நேரம் மலையில் திணறுகிறானோ அவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அதற்கு ஒரே சுற்றை மூன்று முறை நிறுத்தாமல் வாசித்து, நடுச்சுற்றை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும். அப்போதுதான் தலையும் வாலும் தெரியாமல் ஒட்டும்.

முதல் சுற்று அழகாகப் போனது. இரண்டாவது அதைவிட அழகு. அது முடியும் இடத்தில், இன்னும் ஒன்று என்று காட்ட நான் கையை உயர்த்திச் சுட்டுவிரலை ஆட்டினேன்.

கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு தவில்காரரைப் பார்த்து விரலை ஆட்டினால் என்ன நடக்கும்? சாப்பாட்டுக் கூடத்தில் கெட்டிமேளம் வெடித்தது. நாகசுரமும் சேர்ந்துகொண்டது. வயலின்கள் திகைத்து நின்றன. புல்லாங்குழல்காரர் அட்சதை போடுகிறவர் மாதிரி எழுந்தே நின்றுவிட்டார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். "அண்ணாச்சி, இங்க யாருக்குத் தாலி கட்டுறாக?"

"நீதான தாயி வெரல ஆட்டுன? அத நம்பித்தான அம்புட்டுக் கல்யாணமும் நடக்கு!"

விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார். மறுபடி தொடங்கினோம். அதே இடம் வந்தது. இசையில் லயித்துப்போய் என் விரல் தானாக எழுந்தது. மறுபடியும் கெட்டிமேளம்.

"மண்டைக்குத் தெரியுது தாயி, கை கேக்க மாட்டேங்கு" என்றார் அவர். எனக்கு வந்த கோபத்தில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் அடித்தேன். தம்பி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சுவரைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, சென்னைக்கே போயிருவமா?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"செத்த நேரம் பொறுங்க" என்றேன். சன்னலில் தொங்கிய பேண்டேஜ் துணியில் ஒரு நீளம் கிழித்து, என் வலது கையை முட்டியாக மடக்கி, விரல் ஒன்றுகூட வெளியே தெரியாமல் சுற்றிக் கட்டினேன். "இந்த முட்டிய தூக்குனா இன்னொரு சுத்து. வெரலுக்கு இனிமே இங்க வேலையில்ல."

"மண்டபம் போதாதுன்னு அக்காவுக்கும் அடிபட்டுருச்சு" என்றது ஒரு வயலின். சிரித்து முடித்த பிறகு வாசித்தார்கள். நான் முட்டியைத் தூக்கினேன். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தவில் கொஞ்சமும் அசராமல் மூன்றாம் சுற்றுக்குள் நுழைந்தது. அடுத்த ஷிப்டுக்கு மில் சங்கு ஊதுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மிக்ஸிங்கை என் மாடியில் வைத்துக்கொண்டோம். பெரிய ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு, தம்பியின் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளங்கை அகலம்தான் இருந்தன. ஆடுகிறவன் கேட்கப்போவது அதில்தானே? தவிலை வயலின்களுக்குக் கீழே இறக்கினேன், டிரம்பெட்டை நாலடி பின்னால் தள்ளியதுபோல் மெலிதாக்கினேன், மலையேறுகிறவன் தாவுகிற சத்தத்துக்கு நடுவில் இடம் விட்டேன். எல்லாம் சொன்னபடி கேட்டன. இந்த வேலை எனக்குத் தெரியும் என்று எனக்கே நன்றாகத் தெரிந்த நாள் அது.

வீணாய்ப்போன கெட்டிமேளத்தை அழித்துவிடலாமா என்று தம்பி கேட்டார்.

"செயிச்சவனுக்கு என்ன வச்சிருக்கீக?" என்றேன்.

"கீன்னு ஒரு சத்தம்."

"உசுரக் குடுத்து மலையேறுனவனுக்குக் கீயா?"

"பெங்களூர்க்காரன் சிரிப்பான்க்கா."

"சிரிக்கட்டும்."

கெட்டிமேளத்தையும் சேர்த்தே அனுப்பினோம். வாய் அப்படிப் பேசியதே தவிர, பதில் வரும்வரை மாடிப்படியில் காலடி கேட்டாலே எழுந்து நின்றேன்.

ஆவணி பிறந்த பிறகு தம்பி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஒரே ஒரு திருத்தம் சொல்லியிருக்காங்க" என்றார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். "ஒவ்வொரு கட்டம் செயிச்சாலும் அந்த மேளம் வேணுமாம். மீதியெல்லாம் நீங்கதான்க்கா."

அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தவில்காரர் ஒரு கல்யாணத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். மண்டபம் நிறையக் கூட்டம். கிட்டே போக முடியவில்லை. வாசல் பக்கமே நின்று, தலைகளுக்கு மேலே என் வலது முட்டியைத் தூக்கிக் காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து மணமேடையில் யாரோ விரலை ஆட்ட, அவர் என்னைப் பார்த்தபடியே கெட்டிமேளத்தை அடித்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் அட்சதையை வீசினார்கள். யார் எவர் என்று தெரியாத அந்தக் கல்யாணத்தில் நான் முட்டியை இறக்காமல் நின்று அழுதேன்.