பலாலியிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம்

பின்னேரம் மூன்று மணிக்குச் சற்று முன்பாகக் கிணற்றடி வாளித் தண்ணீர் நடுங்கும், பிறகுதான் இரைச்சல் காதில் விழும். பலாலியில் இறங்குவதற்காக எங்கள் உரும்பிராய்க்கு மேலால் தாழ்ந்து வரும் அந்த விமானத்துக்கு ஊரில் "மதராஸ் பிளேன்" என்று பெயர். வீட்டில் மணிக்கூடு இருந்தும் அம்மா அதைப் பார்ப்பதில்லை. "மதராஸ் பிளேன் வந்திட்டுது, தண்ணி மிசினை நிப்பாட்டு" என்று வெங்காயம் நட்ட தறையிலிருந்து குரல் கொடுப்பார். அதில் ஏறுவது தோட்டம் செய்து பிழைக்கும் எங்களுக்கு விதித்ததல்ல என்றே நானும் நினைத்திருந்தேன்.

செல்வி அக்காவுக்குப் பதினாறு வயதிலேயே இருதய வால்வு பழுதாகிவிட்டது. வாசல் படலைவரை நடந்தாலே "முட்டு" வந்து மூச்சுக்குத் தவிப்பாள். சென்னைக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் அடுத்த மாரியைத் தாண்டாள் என்று டொக்டர் சொன்னார். அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; விசா எடுக்க அவர்தான் கொழும்புக்குப் போனார். வடக்கே இருநூற்றுச் சொச்சம் மைல் தள்ளி, ஒன்றேகால் மணித்தியாலத்தில் போய் இறங்கக்கூடிய ஊருக்காக, தெற்கே ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டியிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். மூன்று தரம் அலைந்த பிறகுதான் விசா கிடைத்தது. "முப்பது நாளிலை உது எக்ஸ்பயர் ஆகிப் போடும், அதுக்கிடையிலை எல்லாம் முடியோணும்" என்று ஐயா சொல்லிக்கொண்டேயிருந்தார். எக்ஸ்பயர் என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது அவருடைய வாயிலிருந்துதான்.

ஐயாவும் அக்காவும் போன முப்பதாம் நாள் தந்தி வந்தது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும். வயது பதினொன்று, வகுப்பில் கெட்டிக்காரி என்ற பெருமை வேறு. "செல்வி எக்ஸ்பயர்ட். கமிங் டுமோறோ." அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"அக்காவின்ரை விசா முடிஞ்சுதாம் அம்மா. நாளைக்கு வருகினமாம்" என்றேன்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அக்காவுக்கு வடை என்றால் உயிர் என்று உடனே உளுந்து ஊறப்போட்டார். எரிந்து சாம்பலாகிவிட்ட ஒருத்திக்காக அன்று முழுவதும் நாங்கள் சிரித்துக்கொண்டே தலையணை உறை தோய்த்தோம், அறை கூட்டினோம்.

மறுநாள் வாடகைக் கார் பிடித்துப் பலாலிக்குப் போனோம். அக்காவுக்கு வெயில் ஆகாதென்று அம்மா குடை கொண்டுவந்திருந்தார். பிளேனிலிருந்து ஐயா மட்டும் இறங்கி வந்தார், கையில் அக்காவின் துணிப்பை.

"பிள்ளை எங்கை?" என்று கேட்டார் அம்மா.

ஐயா அந்தக் குடையைப் பார்த்தார். "தந்தி வரேல்லையே?"

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. என் பக்கம் திரும்பாமலே, "வந்தது. எங்களுக்குத்தான் விளங்கேல்லை" என்றார். அதன் பிறகுதான் நிலத்தில் விழுந்து கத்தினார்.

இப்போது தந்தி இல்லை. பிளேனைக் கேட்டு மிசினை நிறுத்துகிறவர்கள் இல்லை. பலாலியைச் சுற்றியிருந்த வீடுகளையும் போர் தின்றுவிட்டது. அங்கிருந்து மறுபடி சென்னைக்குப் பறக்கிறார்களாம். கைபேசியில் தட்டினால், அதே ஒன்றேகால் மணித்தியாலத்தைத்தான் அதுவும் காட்டுகிறது. தந்தியை வாசித்தது நான்தான் என்று ஐயாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது. அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் மிசினை நிறுத்தினார்.