பள்ளிக்கூடம் போகாத பெண் கற்ற குரல்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டின் பக்கத்துப் போர்ஷனுக்கு பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. அப்பா, அம்மா, ஆறு வயதுப் பெண். அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை.

"எது வேணுமோ அத அவளே கத்துப்பாம்மா. நாங்க எதையும் திணிக்கறதில்ல" என்றாள் தாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாரையும் கேள்வி கேட்டுப் பழக்கமும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

தெருவில் இதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. பால்காரர் தினமும் வம்புக்கு இழுப்பார். "இன்னா பாப்பா, வருஷம் முழுக்க லீவா?"

"உங்களுக்கு லீவே கெடையாதாண்ணா? பாவம்" என்பாள் அவள்.

பஸ் போர்டுகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றாள். பூக்கடையில் உட்கார்ந்து கணக்குக் கற்றாள். மூன்று வருஷம் இப்படியே போனது. அதற்குப் பிறகு அவளுக்குச் சத்தங்களின் மேல் ஆசை வந்தது.

பள்ளி வேன்கள் போனபிறகு எங்கள் தெருவில் ஒரு குழந்தைச் சத்தமும் இருக்காது. அந்த அமைதியில் இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாள். முதலில் அணில் மாதிரி கத்திப் பார்த்தாள். பிறகு மலைப்பக்கத்து மயில். பிறகு மனிதர்கள். ஒருநாள் அவள் அம்மா, தன் குரலே தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

என் வீட்டுக்காரர் போய் அப்போது நான்கு வருஷம். மகன் சென்னையில் இருக்கிறான். ஒவ்வொரு போனிலும் ஒரே பேச்சு. "தனியா இருந்தா உனக்கு எதனா ஆயிடும்மா. வீட்ட வித்துட்டு இங்க வந்துடு." நான் மழுப்பிவிடுவேன். இந்த வீட்டை விட்டுப் போய்விட்டால் அவர் என்னை எங்கே வந்து தேடுவார் என்று ஒரு நினைப்பு. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்பக்கமிருந்து அவர் கேட்டார்.

"ஏம்மே, மோட்டார நிறுத்துனியா? தண்ணி ரொம்பி ஊத்துது பாரு."

"இதோ" என்று எழுந்து போய் நிறுத்தினேன். தொட்டி நிஜமாகவே வழிந்துகொண்டிருந்தது. ஸ்விட்சில் கை இருக்கும்போதுதான் உடம்பு சில்லிட்டது.

சுவரை எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் நிமிர்ந்து சிரித்தாள். அவர் இறந்தபோது அவள் இந்த ஊரிலேயே இல்லை.

"இத யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான் பாட்டி."

"நானா?"

"தெனம் சாப்புடும்போது பேசுவீங்களே. ஒரு தடவ உங்க குரல்ல, ஒரு தடவ யாரோ ஒரு தாத்தா குரல்ல. கேட்டுக் கேட்டு கத்துக்கிட்டேன். மொதல்ல கஷ்டமா இருந்துச்சு, இப்ப வந்துடுச்சு."

மார்க் வாங்கிய பிள்ளை போல அத்தனை பெருமை அவள் முகத்தில்.

நான் பேசுவது எனக்கே தெரியாது. மகனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே சாமான் ஏற்ற வண்டி கொண்டுவந்துவிடுவான். அதன்பிறகு சோற்றை வாயில் அடைத்துக்கொண்டு, தொண்டையில் கை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அந்தக் குரலில் பேசாதே என்று அவளிடம் சொல்லியும் பயனில்லை. யார் சொல்லியும் எதையும் கற்காதவள், யார் சொல்லி எதை விடுவாள்?

போன சித்திரையில் மகன் வந்தான். சாயந்திரம் வீடு பார்க்க ஒருவர் வருகிறார் என்றான். சாப்பிட்டுவிட்டு அவன் பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து அவர் குரல் வந்தது.

"டேய், எப்படா வந்த?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"யாரும்மா அது?"

"பக்கத்து வீட்டுப் பாப்பாடா. யாரு மாதிரி வேணா பேசும்."

எங்கே கற்றாள் என்று அடுத்துக் கேட்பான் என்று பயந்தேன். அவன் கேட்கவில்லை. சுவர் ஓரம் போனான். "பாப்பா, இன்னொரு தடவ சொல்லேன்."

அவள் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவள் அம்மா சிரித்தாள். "கேட்டா சொல்ல மாட்டாண்ணா. நாங்க கேட்டாலே மாட்டா."

"ஒரே ஒரு தடவ, கண்ணு."

அவள் எழுந்து உள்ளே போகும் கொலுசுச் சத்தம் கேட்டது. அவன் சுவரில் ஈரக்கையை வைத்தபடி நின்றான். நாற்பது வயதுக்காரன், பள்ளிக்கூட வாசலில் யாரும் கூட்டிப்போக வராத பிள்ளை மாதிரி நின்றான். வாயைத் திறந்தால் வீடு போய்விடும் என்று எனக்குத் தெரியும். அவன் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஏண்டா வெயில்ல நிக்கற? உள்ள வாடா."

என் வாயிலிருந்துதான் வந்தது. அதில் என் குரல் துளிகூட இல்லை. இந்த முறை நானே என் காதால் கேட்டேன்.

சத்தம் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னான்:

"தோ, வந்துட்டேம்பா."

வீடு பார்க்க வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டான். இப்போதும் வாரத்துக்கு ஒரு போன் வருகிறது. சாப்பாடு, மாத்திரை எல்லாம் விசாரித்துவிட்டு, என்னோடு பேச்சு முடிந்த பிறகும் போனை வைக்காமல் அப்படியே காத்திருக்கிறான்.